நடுவில் ஒரு சாம்பல் வட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காதைப் பற்றிக் கேட்க மாட்டேன். இடது காது ஓய்வு பெற்றுவிட்டது, வலது காது அரை நாள் வேலை பார்க்கிறது என்று நீயே சொல்வாய். போன வாரம் போனில் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாய். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டதற்கும் "சரிம்மா" தான். அதனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

புது வேலையில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். டைட்டானியம் என்று ஒரு உலோகம். சாம்பல் நிறத் தூளாக வரும். அதை அச்சில் போட்டு லேசாக அழுத்தினால் ரொட்டி அளவுக்கு ஒரு கட்டி கிடைக்கும். உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள். கட்டியை இரும்புக் கலனுக்குள் வைத்து மூடி, நைட்ரஜன் வாயுவை நிரப்பி, ஒரு முனையில் மட்டும் சூட்டுக் கம்பியால் பற்றவைப்போம். அப்புறம் கலனின் கண்ணாடி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதுதான் எங்களுக்கு வேலை. சுவாலை கிடையாது, புகை கிடையாது. பழுக்கக் காய்ந்த ஒரு கோடு தானாக நடந்து மறுமுனைக்குப் போகும். போகிற வழியெல்லாம் தூள் வாயுவை இழுத்துக்கொண்டு பொன்னிறமாக மாறிவிடும். இரும்பை வெட்டுகிற கருவிகளுக்கு இதில் முனை செய்கிறார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்று. வாயு வெளியிலிருந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் கோடு கடந்துவிடுகிறது. கட்டியை அறுத்துப் பார்த்தால் சுற்றிப் பொன்னிறம், நடுவில் சாம்பல் வட்டம். அப்படி அறுத்த ஒரு வில்லையை இதனுடன் அனுப்பியிருக்கிறேன், பார்.

கட்டி அழுத்துகிறவரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். அவ்வளவு உயரம். எங்கள் ஆய்வுக்கூடத்து வாசல் நிலை தினமும் அவரிடம் அடி வாங்குகிறது. வேலை மேலங்கியின் கை அவருக்கு முழங்கையோடு நின்றுவிடும். சாம்பல் வட்டத்துக்கு "நம்ம விருந்தாளி" என்று பெயர் வைத்தது நெட்டைதான். ஒவ்வொரு கட்டியை அறுக்கும்போதும் "வந்தாச்சா, உக்காருங்க" என்று அதை வரவேற்பார். நெட்டை சொல்கிறார், இன்னும் இறுக்கி அழுத்திப் பார்க்கலாம் என்று. நானும் நெட்டையும் அடுத்த வாரம் அதைச் செய்யப்போகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்

பிப்ரவரி 14

வாயாடிக்கு அம்மா எழுதுவது,

முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்குத் தைக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது.

நீ அனுப்பிய வில்லையை வெட்டுமேசை மேல் வைத்திருந்தேன். துணி கொடுக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். எதிர்க்கடை நகைக்காரர் சும்மா இருப்பாரா? "என்னம்மா, பொண்ணு தங்கம் செய்யறாளா?" என்று எடுத்துக்கொண்டு போய் உரைகல்லில் தேய்த்தார். வில்லை தேயவில்லை, கல்தான் கீறிப்போனது. மனிதருக்கு முகம் செத்துவிட்டது. அவருடைய அப்பா காலத்துக் கல்லாம். நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன், இப்போது என்னோடு பேசுவதில்லை. எப்படியும் அவர் பேசுவது எனக்குக் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள். வேலைக்குப் போகும்போது எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். நெருப்பு உங்களில் யாரையாவது தொட்டது என்று தெரிந்தால் மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டும். நீ சொல்கிற கோடு எவ்வளவு அழகாக நடந்தாலும் அது நெருப்புதான்.

கடிதத்தில் நெட்டை மூச்சுக்கு முன்னூறு தரம் வருகிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா

மார்ச் 2

அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நகைக்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு. உன் கடிதத்தைக் கூடத்தில் படித்துக் காட்டினேன். நெட்டை சிரித்த சிரிப்பில் நிலையில் இடித்துக்கொண்டார்.

இறுக்கி அழுத்தியது முழுத் தோல்வி. கட்டி கல் மாதிரி வந்தது, தூக்கினால் உதிரவில்லை, எங்களுக்கு ஒரே பெருமை. அறுத்தால் விருந்தாளி வீட்டையே எழுதி வாங்கியிருக்கிறார். ஓரத்தில் மட்டும் ஒரு பொன் கீற்று. இறுக்கியதில் இடுக்குகள் அடைபட்டுவிட்டன, வாயு எந்த வழியாக உள்ளே போகும்? இந்த வில்லையையும் அனுப்புகிறேன். இதை யாரிடமும் காட்டாதே.

இப்போது மறுபடி லேசாகத்தான் அழுத்துகிறோம். அதற்குப் பதில் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கப்போகிறோம். முண்டியடித்துக்கொண்டாவது உள்ளே போகட்டும் என்று. நெட்டைக்கு அதில் கொஞ்சம் பயம். "ரொம்பச் சூடாயிட்டா உலோகமே உருகி இடுக்கை அடைச்சிடுமே" என்கிறார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு.

உன் மகள்

மார்ச் 12

மகளுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உனக்கு ஒன்று தோன்றவில்லையா? நடுவில் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் ஒரு துளை போட்டுவிடுங்களேன். இவ்வளவு படித்து என்ன செய்கிறீர்கள்?

அந்த நெட்டைப் பிள்ளையின் அளவை அனுப்பு. தோள், கை நீளம், மார்பு. கடையில் அவர் உயரத்துக்குக் கிடைக்காது. கெட்டித் துணியில் ஒரு மேலங்கி தைத்துத் தருகிறேன். முழங்கையோடு நிற்கிற கையை வைத்துக்கொண்டு நெருப்புப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அம்மா

மார்ச் 30

மகளுக்கு,

அளவு இன்னும் வரவில்லை. துணி வாங்கி நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வைத்துவிட்டேன். வேலை அதிகமாக இருந்தால் ஒரு வரி போட்டால் போதும். நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா?

அம்மா

ஏப்ரல் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். கவலைப்பட வேண்டாம். வேலை அதிகம். கலனைப் பழுது பார்க்கிறார்கள், அதனால் கொஞ்ச நாளாகக் கட்டி எதையும் எரிக்கவில்லை. சாப்பாடு எல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இங்கே வெயில் கூடியிருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

உன் மகள்

ஏப்ரல் 12

மகளுக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வெயிலைப் பற்றி நீ எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை.

நான் தையற்காரி. பிரித்துத் தைத்த இடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. வில்லை அனுப்பவில்லை. அளவு அனுப்பவில்லை. வரிக்கு வரி வந்துகொண்டிருந்த நெட்டை ஒரு எழுத்தில்கூட இல்லை. சண்டையாக இருந்தால் ஒரு பக்கம் திட்டி எழுதியிருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை? பழுது பார்க்கிற அளவுக்குக் கலனுக்கு என்ன ஆயிற்று?

காது கேட்காதவளிடம் எதையும் மறைத்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேராகக் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன?

அம்மா

ஏப்ரல் 20

அம்மா,

எனக்கு ஒன்றும் இல்லை. என் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாயு அழுத்தத்தைக் கூட்டி எரித்த அன்று கட்டி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. நெட்டை பயந்த மாதிரியே நடந்தது. நான் வால்வு பக்கம் நின்றேன். அவர் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகக் கவசம் மூச்சு பட்டு மங்கியது, துடைப்பதற்காகத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் கட்டி வெடித்துப் பளீரென்று வெள்ளையாக எரிந்தது. ஜன்னலைச் சுற்றி வாயு கசியாமல் அடைத்திருந்த கேஸ்கட் பிய்த்துக்கொண்டு சுடுதூள் அவர் முகத்தில் அடித்தது.

இரண்டு கண்ணிலும் கட்டு. தூள் சுட்ட காயம் ஆறிவிடும் என்று கண் மருத்துவர் சொல்கிறார். பயம் வேறு. கவசம் இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாரே, அது கண்ணின் பின்பக்கத்தைச் சுட்டிருந்தால் பார்வைக்கு நடுவில் நிரந்தரமாக ஒன்றும் தெரியாமல் போகலாமாம். ஓரம் தெரியும், நடு தெரியாது. கட்டு பிரித்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். இதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "விருந்தாளி என் கண்ணுக்குள்ளயே குடி வந்துட்டாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் உனக்கே தெரியும். பெட்டியைக் கட்டு என்பாய். என்னால் வர முடியாது, அம்மா. வேலைக்காக அல்ல. தினமும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். அவருக்கு நான்தான் எல்லாம் படித்துக் காட்டுகிறேன்.

உன் கடிதத்தையும் படித்தேன், துளை போடச் சொன்னாயே, அதை. நெட்டை நெடுநேரம் சிரித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லுங்க, துளை போட்டா வாயு அது வழியா ஓடிப் போயிடும், கட்டிக்குள்ள நுழையவே நுழையாது" என்றார். நானும் சிரித்தேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. கட்டியைச் சுற்றிலும் கலனுக்குள் காலி இடம்தானே? வாயுவுக்கு அதுவும் ஒரு துளைதான். சுலபமான வழி இருக்கும்போது அது ஏன் இடுக்கில் புகுந்து கஷ்டப்படப்போகிறது?

அதனால் இப்போது கட்டியை இறுக்கமான ஒரு குழாய்க்குள் வைக்கப்போகிறேன். பக்கவாட்டில் நூல் இடைவெளிகூட இருக்காது. அழுத்தத்தைக் கூட்டாமல், பற்றவைக்கிற முனையிலிருந்தே வாயுவை மெல்ல உள்ளே தள்ளுவோம். எரிந்து முடிந்த சூடான பகுதி வழியாகத்தான் அது வந்தாக வேண்டும். வரும்போது சூட்டையும் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தூளுக்குக் கொடுக்கும். உலோகம் உருகாமல் இருக்க, எரிந்து போன பழைய கட்டிகளை அரைத்துத் தூளில் கலக்கப்போகிறேன். கேஸ்கட் எல்லாம் புதிது. ஜன்னலை எடுத்துவிட்டுக் கேமரா வைத்துவிட்டார்கள். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

தோள், கை, மார்பு அளவுகள் பின்பக்கத்தில். கட்டிலில் உட்காரவைத்து எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் மகள்

ஏப்ரல் 29

என் கண்ணுக்கு,

"உடனே புறப்பட்டு வா" என்று ஒரு கடிதம் எழுதினேன். தபால் பெட்டி வரை போனேன். திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். நீ வந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் படித்துக் காட்டுவது?

உன் மேல் கோபம் இருக்கிறது. இத்தனை நாள் தனியாகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய். உன் பக்கத்தில் உட்கார எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கோபம் அதற்குத்தான்.

மேலங்கி இதனுடன் வருகிறது. கை அளவு சந்தேகமாக இருந்தது, இவ்வளவு நீளமா மனிதனுக்கு? இருந்தாலும் நீ எடுத்த அளவையே நம்பித் தைத்துவிட்டேன். பொத்தானைப் பெரிதாக வைத்திருக்கிறேன், பார்க்காமலே போட்டுக்கொள்ளலாம்.

கட்டு பிரித்த அன்றே எழுது. நல்லதோ கெட்டதோ, அன்றே எழுது.

அம்மா

மே 18

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்றே எழுதச் சொன்னாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. போன வாரம் குழாய்க்குள் வைத்த கட்டியை எரித்தோம். கோடு அவசரமில்லாமல், பதறாமல் மறுமுனை வரை போனது. ஆறவைத்து வைரச் சக்கரத்தில் அறுத்தோம். முழுக்கப் பொன்னிறம், அம்மா. ஓரத்திலும் நடுவிலும் ஒரே நிறம். கூடத்தில் எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெட்டையிடம் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆசை.

இன்று மருத்துவர் திரைகளை இழுத்துவிட்டு, அறையை அரை இருட்டாக்கிக் கட்டைப் பிரித்தார். நெட்டை நெடுநேரம் கண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்த்தாரா, பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. வில்லையை எடுத்து அவர் கையில் வைத்தேன். விரலால் தடவினார். "நம்ம கட்டிதான்" என்று கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

"ஓரம் தெரியுது. பொன்னிறம் நல்லாத் தெரியுது" என்றார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். வில்லையைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டர், நடுவுல ஒரு சாம்பல் வட்டம் இருக்கணும். எனக்கு அது தெரியல. ரெண்டு கண்ணுலயும் தெரியல."

மருத்துவர் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அம்மா. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் எப்படியோ கத்திவிட்டேன்.

"வட்டம் இல்லைங்க! அதுல வட்டமே இல்லை! முழுசா எரிஞ்சிடுச்சு!"

"அப்ப நான் பார்க்கிறது?"

"சரியாத்தான் பார்க்கறீங்க."

அவர் வில்லையை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மருத்துவர் என்னைத் திட்டிய திட்டு, நீகூட இவ்வளவு திட்டியதில்லை. "நோயாளியை இப்படியா சோதிப்பாங்க? எனக்கே உயிர் போயிட்டு வந்தது" என்றார். நெட்டையும் சேர்ந்துகொண்டார். "சொல்லிட்டுக் கொடுத்திருக்கலாம்ல? நான் செத்தே போயிட்டேன்!" திட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். சுவரை அல்ல.

கண்ணின் பின்பக்கத்தில் காயம் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்குக் கூச்சம் இருக்கும், சொட்டு மருந்து விட வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு நாள் என் நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பசிக்கிறது. போய்ச் சாப்பிடப்போகிறோம்.

உன் மகள்

மே 25

மகளுக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும்,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே போகும்வரை பொறுக்க முடியவில்லை. எதிர்க்கடைக்காரர் பயந்து ஓடிவந்தார். "ஏம்மா அழறீங்க?" என்று கேட்டிருப்பார் போல. கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உரைகல் விவகாரம் இன்றோடு தீர்ந்தது.

இருந்தாலும் மருத்துவர் சொன்னது மருத்துவருக்கு. பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழிதான் உண்டு. என்னிடம் இருப்பதிலேயே மெல்லிய ஊசி ஒன்றும், கறுப்பு நூலும் இதனுடன் இருக்கின்றன. அந்தப் பிள்ளை தன் கையால் கோர்த்து அனுப்பட்டும். வாயாடி, நீ தொடக் கூடாது. தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும், நீ நூல் முனையைக் கடித்துப் பிய்ப்பாய்.

அது வரட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்.

அம்மா

ஜூன் 6

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் முழங்காலும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நானே எழுதுகிறேன். எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுவதற்குக் கண் காரணம் அல்ல, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

ஊசியை இந்தத் தாளிலேயே குத்தியிருக்கிறேன். பிரிக்கும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவையிலேயே கோர்த்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நூல் பிரிந்து பிரிந்து போனது. இவ்வளவு சின்னக் காது வைத்து ஊசி செய்தவரைக் கொஞ்சம் திட்டினேன். உங்கள் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். உதவி செய்யவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நூல் உள்ளே போனதும் அந்தப் பக்கம் முனை எட்டிப் பார்த்தது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அம்மா. கறுப்பாக, மயிரிழை அளவுக்கு.

நீங்கள் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிறந்ததிலிருந்து என் மணிக்கட்டைத் தொட்ட முதல் சட்டைக்கை இதுதான். திங்கட்கிழமை முதல் மறுபடியும் கட்டி அழுத்தப் போகிறேன். லேசாகத்தான் அழுத்துவேன்.

மற்றதை அப்புறம் பேசலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கடிதத்தில் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இருவரும் அடுத்த வாரக் கடைசியில் விடுமுறை நாளில் அங்கே வருகிறோம். உங்கள் வலது பக்கமாக உட்கார்ந்து, தெரு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே கேட்கிறேன்.

அந்தக் காது அரை நாள்தான் வேலை பார்க்கும் என்று கேள்விப்பட்டேன். காலையிலேயே வந்துவிடுகிறோம்.

தங்கள்,
நெட்டை